எழுபத்தோராம் குழி

சீலாவுக்குச் சீட்டில் விழுந்தது இருபதாம் குழி. அவளுக்கு வேண்டியிருந்ததோ எழுபத்தோராம் குழி.

பாலையூற்றிலிருந்து சீனன்குடாப் பக்கம் போகும் வீதியின் ஓரமாக இருநூற்றுப் பன்னிரண்டு குழிகள் வெட்டப்பட்டிருந்தன. வீட்டுக்கு ஒரு குழி, ஒரு மரக்கண்டு. யாருக்கு எந்தக் குழி என்பதைச் சனசமூக நிலையத்தில் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். தன் வாசலுக்கு நேரே மரம் வேண்டும் என்று ஒருவரும், வாசலை மறைக்கும் என்று இன்னொருவரும் சண்டைக்கு வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. செய்தவர் சிவகுருநாதன். நீர்ப்பாசனத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றுப் பத்து வருடமாகியும் ஊருக்கு அவர் ஓவர்சியர்தான்.

ஓவர்சியருக்கு மரங்களில் நம்பிக்கை உண்டு, மரத்தடிகளில் கிடையாது. மரநடுகைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

“வேம்பு வைச்சா ஆறு மாசத்தில அதுக்குக் கீழ சூலம் முளைக்கும். அரசு வைச்சா ஆர் ஆர் என்னத்தைத் தூக்கிக்கொண்டு வருவினம் எண்டு சொல்லத் தேவையில்லை. ஆலும் வேண்டாம். புங்கை, மருது, இலுப்பை. கடவுளுக்கு ஆசையில்லாத மரமாப் பாத்து வைப்பம்.”

“இலுப்பையில பிள்ளையாருக்கு ஒரு கண் இருக்கு ஓவர்சியர்,” என்றான் பின்வரிசையில் ஒருவன்.

“அவருக்கு எதிலதான் கண் இல்லை? அவரை விடு.”

சனம் சிரித்தது. ஆனால் சொன்னது சிரிப்புக்காக அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மாவட்டத்தில் ஒரு மரத்தடியில் ஒரு சிலையோ சூலமோ வந்து குந்தினால், அதற்குப் பின்னால் வேலி வரும், வேலிக்குப் பின்னால் காவல் வரும், காவலுக்குப் பின்னால் ஒரு புதிய சரித்திரமே வரும். நிழலுக்காக நடுகிற மரம் நிழலுக்காக மட்டும் நிற்கவேண்டும் என்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது.

அது இரண்டாம் முறை நடுகை. முதல் முறை நட்டது 2022 ஜூன் ஐந்தாம் திகதி, சுற்றாடல் தினத்தில். அந்தத் திகதி கொழும்புக்குச் சரி, அங்கே அப்போது மழை. திருகோணமலையில் அது கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற காலம். குழுவுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் விழாவுக்கு வரச் சம்மதித்த பெரிய மனிதர்களுக்கு வேறு திகதி இல்லை. படம் எடுத்தார்கள், கை கழுவினார்கள், போனார்கள். தண்ணீர் பவுசர் வண்டிக்கு டீசல் இல்லாத வருடம் அது. ஆடிக்குள் நூற்றெண்பது கண்டுகள் கம்பியாய்க் காய்ந்தன. இனி மேளமும் வேண்டாம், மாலையும் வேண்டாம் என்று ஊர் தானாகவே கார்த்திகை மாரியில் இரண்டாம் முறை குழி வெட்டியது.

எழுபத்தொன்று பல்கீஸுக்கு விழுந்திருந்தது. பல்கீஸ் கிண்ணியாவிலிருந்து கலியாணம் கட்டி வந்து, அந்த வீதியோரத்தில் புருஷன் றிஸ்கானோடு ஒரு சின்னப் பலசரக்குக் கடை நடத்துகிறவள். சீலாவுக்கு விழுந்த இருபதாம் குழி அந்தக் கடை வாசலில்தான் இருந்தது.

“பல்கீஸ், உன்ர துண்டை எனக்குத் தாறியோ? என்ர இருபதை நீ எடு.”

“எனக்கென்ன, கடை வாசல்ல மரம் வந்தா கொள்ளைதானே. உங்களுக்கு என்ன வந்த சீலாக்கா? எழுபத்தொண்டு வெறும் வெளி. பைப்புக் கிட்ட இல்ல. வாளி தூக்கித் தூக்கி இடுப்பு முறியும்.”

“என்ர இடுப்புத்தானே.”

“முறிஞ்சா ஹெக்டர் அண்ணன் வந்து என்னைத்தான் ஏசுவார்.”

“ஏசட்டும். அவர் வாய் திறந்து கனகாலம்.”

பல்கீஸ் சிரித்துக்கொண்டே துண்டை நீட்டினாள். குழுவின் கொப்பியில் பெயரை மாற்றி எழுதவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

சீலா ஏன் அந்த வெளியைக் கேட்டாள்?

2007ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் ஒரு பின்னேரம் அந்த இடத்தில் ஒரு சைக்கிள் நின்றது. கரியரில் இரண்டு கணக்குக் கொப்பிகள். அது சீலாவின் ஒரே மகன் ஜக்சனின் சைக்கிள். பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவன், சீனன்குடாப் பக்கம் மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். சைக்கிள் விழுந்து கிடக்கவில்லை. ஸ்டாண்ட் போட்டு நேராக நின்றது. இதைத்தான் சீலாவால் இன்றுவரை சகிக்க முடியவில்லை. யாரோ மரியாதையாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று நம்பித்தான் பிள்ளை ஸ்டாண்ட் போட்டிருக்கிறான்.

கூப்பிட்டது யார்? அந்தக் காலத்துப் பத்திரிகைகள் அதற்கென்று ஒரு சொல் வைத்திருந்தன: இனந்தெரியாதோர். வீதியின் இந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடி, அந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடி. ஒரு கிலோ மீன் வாங்கிப் போனாலும் பையைத் திறந்து காட்டவேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே, பகல் வெளிச்சத்தில், ஒரு வாகனம் வந்து ஒரு மனிதனை ஏற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு சாவடியிலும் யாரும் காணவில்லை. இதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. பிறகு ஆணைக்குழுக்கள் வந்தன. ஒன்றல்ல, நான்கு. நான்கிலும் சீலா போய் இருந்தாள். நான்கிலும் ஒரே கேள்வி: பிள்ளை என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தவர்? நான்கு முறையும் சொன்னாள். நான்கு முறையும் எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் சிற்றூழியராக வேலை செய்தவள் சீலா. இறந்தவர்களின் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்தவள். சாவைப் பற்றி அவளுக்குப் பாதிரியார் சொல்லித்தர ஒன்றுமில்லை, அவளுடைய கைகளுக்கே அது தெரியும். ஐந்தாவது வருடம், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு காரணமும் இல்லாமல் அவளுக்கு விளங்கிற்று. பிள்ளை இல்லை. அன்று வீட்டுக்கு வந்து சமைத்தாள். சாப்பாட்டின் நடுவே புருஷனிடம் சொன்னாள்.

ஹெக்டர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர் ஹெக்டர். பத்துத் தொன் பாரத்தைக் கப்பலிலிருந்து தூக்கி, ஒரு முட்டையை வைப்பதுபோல் லொறியில் வைப்பார் என்று பேர். அந்த மனிதர் மை போட்டுப் பார்ப்பவனிடம் போனார். சாத்திரியிடம் போனார். கனவில் காட்சி காண்பதாகச் சொன்ன ஒரு செபக்காரியிடம் போனார். மூவரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: பிள்ளை உயிரோடு இருக்கிறான், தண்ணீர் சூழ்ந்த ஓர் இடத்தில் இருக்கிறான். திருகோணமலையில் தண்ணீர் சூழாத இடம் எது? துயரப்பட்டவனின் சட்டைப்பைக்குள் கைவிடுவதற்கு மதபேதம் கிடையாது.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஹெக்டர் மகனுக்கு ஒரு சேட்டு வாங்கி அலுமாரியில் வைப்பார். மகன் இருந்தால் முப்பது வயதைத் தாண்டியிருப்பான். சேட்டு மட்டும் இன்னும் பத்தொன்பது வயதுக்காரனின் அளவு.

நொவெம்பர் இரண்டாம் திகதி மரித்தோர் திருநாள். அன்று பாலையூற்றுக் கத்தோலிக்கர்கள் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைக் கழுவி மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஹெக்டரின் தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டு மெழுகுதிரிகள். ஒரு வருடம் சீலா மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுபோனாள். கல்லறை இல்லாத பிள்ளைக்கு, பாட்டனின் தலைமாட்டிலாவது ஒன்று எரியட்டும் என்று. ஹெக்டர் அதை அவளுடைய கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“உயிரோட இருக்கிறவனுக்கு இதைக் கொளுத்தினா என்ன அர்த்தம் எண்டு தெரியுமோ உனக்கு?”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஜக்சனைப் பற்றிக் கதை இல்லை. ஒரே வீட்டில் ஒருத்தி செத்த பிள்ளைக்குத் தாயாகவும், ஒருவர் வரப்போகும் பிள்ளைக்குத் தகப்பனாகவும் பத்து வருடம் சீவித்தார்கள். ஒருவர் முன்னால் மற்றவர் அழ வழியில்லை.

அதற்காகத்தான் சீலாவுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. செத்தவர்கள் மரத்தில் வந்து குடியிருப்பார்கள் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அந்த மனிதரும் தானும் என்றைக்காவது பக்கத்தில் பக்கத்தில் நின்று, போய்விட்டான் என்று வாய்விட்டுச் சொல்லி அழ ஓர் இடம். கல் நட்டால் பிடுங்குவார்கள். பெயர் எழுதினால் அழிப்பார்கள். மரத்தை யார் என்ன சொல்ல முடியும்?

புங்கங்கண்டு ஒன்றை எழுபத்தோராம் குழியில் வைத்து மண்ணை மிதித்தாள். தகரத் துண்டில் வெள்ளை வர்ணத்தால் 71 என்று எழுதி, குழு ஒரு கம்பில் அடித்துவிட்டது. வேறு அடையாளம் இல்லை.

முதல் கச்சானில் விடியவும் பின்னேரமும் இரண்டிரண்டு வாளி. பல்கீஸ் கடையிலிருந்து வெற்றுப் போத்தல்கள் கொடுத்தாள். அடியில் ஊசியால் துளைபோட்டு வேருக்குப் பக்கத்தில் புதைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாய் இறங்கும். மாட்டெருவை விமலரத்ன கொண்டுவந்தார். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவர், இங்கேயே கலியாணம் கட்டி இருபது வருடம். எழுபதாம் மரம் அவருடையது. தன் மரத்துக்கு ஒரு கூடை கொட்டினால் எழுபத்தொன்றுக்கு ஒன்றரைக் கூடை கொட்டுவார். ஏன் என்று சொன்னதில்லை.

ஹெக்டருக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. அந்த வீதியால் போவதை விட்டார். சந்தைக்குப் போக ரயில் பாதைப் பக்கமாகச் சுற்றிப் போனார். சீலா கேட்கவில்லை, கூப்பிடவுமில்லை. மரம் அவள் உயரம் வந்தது, அவளைத் தாண்டியது. மூன்றாம் வருடத்தில் கிளை விரிந்து, பாடசாலை விட்டுப் போகிற பிள்ளைகள் அதன் கீழ் நின்று சப்பாத்துக்குள் போன கல்லைத் தட்டிவிட்டுப் போகும் அளவுக்கு நிழல் விழுந்தது.

மூன்றாம் வருடத்து மரித்தோர் திருநாளில் சீலாவுக்கு முழங்கால் வீக்கம். ஹெக்டர் தனியே சேமக்காலைக்குப் போனார். பொழுதுபடுகிற நேரம் திரும்பி வந்து குசினி வாசலில் நின்றார். விரல்களில் மெழுகு ஒட்டியிருந்தது.

“என்ன இவ்வளவு நேரம்?”

“வரேக்க மரத்தடியில நிண்டனான்.”

சீலா அடுப்பைக் குறைத்தாள்.

“ஒண்டு கொளுத்திப்போட்டு வந்தனான். காத்துக்கு நூந்துபோகும் எண்டு சிரட்டைக்குள்ள வைச்சனான்.” அவர் கதிரையில் இருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்: “அவன் இல்லை என்ன, சீலா?”

“இல்லை.”

“நீ எப்பவோ அறிஞ்சிட்டாய்.”

“ஓம்.”

“தனியத் தூக்கித் திரிஞ்சிருக்கிறாய்.”

அவள் போய் அவருடைய காலடியில், வீங்கிய முழங்காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காக அழுதார்கள். சோறு குழைந்து அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டார்கள். ஜக்சன் சின்ன வயதில் பாரந்தூக்கியில் ஏறி இறங்க மறுத்து, மேலிருந்து மூத்திரம் பெய்ததைச் சொல்லி ஹெக்டர் சிரித்தார். சீலா வாழ்ந்த வாழ்க்கையில் அந்த ஒரு பின்னேரத்தைக் கேட்டுத்தான் அத்தனை வாளி தண்ணீரும் சுமந்தாள். அது கிடைத்தது.

விடிந்தபோது படம் பேஸ்புக்கில் வந்திருந்தது.

மோட்டார் சைக்கிளில் போன யாரோ எடுத்திருக்கிறார்கள். சிரட்டைக்குள் மெழுகுதிரி, பின்னால் மரம், தெளிவாக 71. மரநடுகை என்ற போர்வையில் நினைவிடம் கட்டுகிறார்கள் என்று மேலே எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. இயக்கத்தில் செத்தவர்களை நினைவுகூரும் மாதமான நொவெம்பரில் ஒரு தமிழர் வீதியோரம் ஒரு சுடரை ஏற்றினால், யாருக்காக ஏற்றினாய் என்று கேட்பதற்கு முன்பே பதிலை எழுதி வைத்திருக்கிற நாடு இது. நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கர் செய்துவருகிற ஒரு காரியத்தை ஹெக்டர் சேமக்காலை மதிலுக்கு வெளியே செய்தார். குற்றம் அவ்வளவுதான்.

சீலா பத்து மணிக்குச் சவர்க்காரம் வாங்கப் போனபோது பல்கீஸின் கடை பாதி மூடியிருந்தது. உள்ளே றிஸ்கான் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, சுகமில்லையோ?”

“சிவில் உடுப்புல ரெண்டு பேர் வந்திட்டுப் போறாங்க அக்கா. ஓவர்சியர்ட கொப்பியில எழுபத்தொண்டுக்கு இவட பேருதான் இருக்காம். ரெண்டு மணித்தியாலம் இருத்தி வச்சிக் கேட்டாங்க. ஆருக்கு மெழுகுதிரி, ஆர் காசு தாறது, வெளிநாட்டுத் தொடர்பு இருக்கா எண்டு. நாளைக்குக் காலையில பொலிஸுக்கு வந்து வாக்குமூலம் குடுக்கட்டாம்.”

பல்கீஸ் பின்னாலிருந்து வந்தாள். அழுத கண். ஆனாலும் சீலாவைக் கண்டதும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

“என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை.”

“என்னத்துக்கு? எனக்கு ஒண்டும் தெரியாது எண்டன். மெழுகுதிரி கடையில விக்கிறன், கொளுத்திற ஆள் நான் இல்ல எண்டன்.”

“அந்த இடத்தில என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியுமோ?”

“சைக்கிளப் பாத்த ஆக்கள்ல நானும் ஒராள் சீலாக்கா. அப்பதான் கலியாணம் கட்டி வந்த புதிசு. துண்டு மாத்தக் கேட்ட அண்டைக்கே எனக்கு விளங்கின. ஊருக்கே தெரியும். நீங்கதான் ஆருக்கும் தெரியாது எண்டு நினைச்சிக்கிட்டு வாளி தூக்கினீங்க.”

சீலா அந்தக் கடைப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மரம் தப்பக்கூடும்: யாரோ வழிப்போக்கன் கொளுத்திய மெழுகுதிரி, அவ்வளவுதான். ஆனால் நாளைக்குப் பல்கீஸ் பொலிஸ் நிலையத்து வாங்கிலில் குந்தியிருக்கவேண்டும். பெயரைச் சொன்னால் பல்கீஸ் தப்புவாள், எழுபத்தோராம் மரம் யாருக்கு நட்டது என்று கடதாசியில் ஏறும். ஏறினால் அது மரமில்லை, வழக்கு.

நேரே சனசமூக நிலையத்துக்குப் போய், மரம் தன்னுடையது என்று ஓவர்சியரிடம் சொன்னாள்.

பின்னேரம் நாலு மணிக்கு அங்கே கூட்டம். ஓவர்சியர், குழுக்காரர் சிலர், வீதிகளுக்குப் பொறுப்பான கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர், சிவிலில் வந்த இருவர். சிவிலில் வந்தவர்களில் ஒருவர் நல்ல தமிழ் பேசினார். நல்ல மரியாதையும் இருந்தது.

“கொளுத்தினது ஆர் அம்மா?”

“நான்,” என்றாள் சீலா. ஹெக்டரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். “கொப்பியில பிழையா இருக்கு. துண்டை மாத்தினது நான். அந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“ஏன் கொளுத்தினீங்கள்?”

“மரித்தோர் திருநாள். என்ர மகன் அந்த இடத்திலதான் காணாமல் போனவர்.”

அவர் தலையசைத்தார். முன்னால் கிடந்த கோப்பைப் புரட்டினார். கோப்பும் கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

“மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்திருக்கிறீங்களோ?”

“இல்லை.”

“அப்ப அவர் மரிச்சவர் இல்லையே அம்மா. உங்கட முறைப்பாடு காணாமல் போனவர் எண்டு இருக்கு. செத்திட்டார் எண்டு நீங்களே சொன்னா நாங்கள் அந்த முறைப்பாட்டை மூட வேண்டி வரும். மூடவோ?”

இப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஒரு மனிதனுக்குப் பயிற்சி வேண்டும். தேடாதவர்கள்தான் கேட்டார்கள், தேடுவதை நிறுத்தவா என்று. செத்தான் என்றால் இனிக் கேள்வி கேட்க உரிமையில்லை. சாகவில்லை என்றால் அழ உரிமையில்லை.

ஓவர்சியர் எழுந்தார். “அது ஒரு புங்கமரம் ஐயா! ஒரு சனியன் பிடிச்ச புங்கமரம்! அதில என்ன இயக்கம், என்ன அரசியல்?”

கந்தோர்க்காரர் முதல்முறையாக வாய் திறந்தார். வீதியோரம் மரம் வைக்கக் கொடுத்த அனுமதி நிழலுக்கு மட்டும். நினைவிடம் என்று முறைப்பாடு வந்தால் முழு வரிசைக்குமான அனுமதியையும் நிறுத்தவேண்டி வரும். பிறகு மின்கம்பி, வடிகான் என்று ஒவ்வொன்றாய் வரும். அந்த ஒரு மரத்தை எடுத்துவிட்டால் மற்ற இருநூற்றுப் பதினொன்றும் இருக்கும். பராமரிக்கிறவரே எழுதித் தந்தால் நல்லது.

ஓவர்சியர் இருந்துவிட்டார். யாரும் சீலாவைப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. சப்பாத்துக்குள் கல் போன பிள்ளைகளை நினைத்தாள்.

“எடுங்கோ,” என்றாள்.

படிவத்தில், அகற்றுவதற்கான காரணம் என்று ஒரு கோடு இருந்தது. சீலா பேனையை வாங்கி, ‘எனது மகன் இந்த இடத்தில் கொண்டுசெல்லப்பட்டதால்’ என்று எழுதினாள். சிவிலில் வந்தவர் படித்துவிட்டு, இதை ஏற்கேலாது அம்மா, வேற எழுதுங்கோ என்று திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. கடதாசி மேசையில் கிடந்தது. கடைசியில் ஓவர்சியர் புதிய படிவம் ஒன்றை இழுத்து, ‘கறையான் அரிப்பு’ என்று தன் கையால் எழுதி, தன் பெயரைப் போட்டார். கடவுள்களுக்கெல்லாம் பயந்து மரம் தெரிந்தெடுத்த மனிதர், எழுதி முடித்த கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அரசாங்கத்தின் கோப்பில் இப்போது ஒரு பையனும் இல்லை, வாகனமும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. நோய்ப்பட்ட ஒரு மரம் இருக்கிறது.

அடுத்த நாள் காலை மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் அனுப்புவதாகச் சொன்னார்கள். சீலா வேண்டாம் என்றாள். வைத்த கையே எடுக்கும். ஆறு மணிக்கு மண்வெட்டியோடு போனபோது விமலரத்ன ஏற்கெனவே அங்கே நின்றார், கோடரியோடு. பல்கீஸ் வந்தாள். முதல்நாள் மழையில் மண் இளகியிருந்தது, ஆனாலும் ஆணிவேர் ஓர் ஆளின் நெஞ்சளவு ஆழத்துக்குப் போய்விட்டது. சீலா வேரை விரலால் தடவிக்கொண்டு போனாள். எங்கேயும் ஒரு கறையான் இல்லை.

“உங்கட வளவுல கொண்டு வைப்பமா சீலாக்கா?” பல்கீஸ் மெதுவாகக் கேட்டாள். “தண்ணி ஊத்தினா பிடிக்கும்.”

“வீட்டில வைச்சு என்ன செய்ய பல்கீஸ்? வீட்டில இருந்தோ அவன் காணாமல் போனவன்?”

விமலரத்ன கோடரியை ஓங்கினார். மூன்றாவது வெட்டில் வேர் விட்டது. குழியை அவர்கள் மூவரும் மூடினார்கள். அந்த இடத்தில் வேறொன்றும் நடக்கூடாது என்று கந்தோர் சொல்லியிருந்தது.

சீலா வீட்டுக்கு வந்தபோது ஹெக்டர் கதிரையில் இருந்தார். வெளியே போகிறவர்போல் கால்சட்டையும் சேட்டும் போட்டிருந்தார். தன்னைக் கொண்டுபோக வருவார்கள் என்று இரவு முழுதும் நினைத்திருக்கிறார் போலும்.

“என்ன சொன்னவங்கள்? நேற்றும் நீ ஒண்டும் சொல்லேல்ல.”

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம். சான்றிதழ் கதை வந்த இடத்தில் ஹெக்டர் தலையை நிமிர்த்தினார்.

“அவர் அப்படியே சொன்னவரோ? மரிச்சவர் இல்லை எண்டு?”

“அது அவங்கட கதை. கடதாசி இல்லை எண்டபடியாச் சொல்லுற கதை.”

“இல்லை, இல்லை. கோப்பைப் பாத்துத்தானே சொன்னவர்? அவங்களுக்குத் தெரியாதோ? அவங்களுக்கு எல்லாம் தெரியும்.” அவர் எழுந்துவிட்டார். “நான் பிழை விட்டிட்டன் சீலா. உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திப்போட்டன். அதுதான் ஆண்டவர் விடேல்ல. மரத்தோட பிடுங்கிப்போட்டார். அவன் சாகேல்ல எண்டு எனக்குக் காட்டுறார்.”

அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. சீலாவுக்கு அந்த வெளிச்சத்தைத் தெரியும். மை போட்டுப் பார்ப்பவனிடமிருந்து திரும்பி வருகிற நாட்களில் இருப்பது. முந்தாநாள் பின்னேரம் தன்னோடு இருந்து அடிப்பிடித்த சோற்றைச் சாப்பிட்ட மனிதர் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. ஒரு பிள்ளையை அவர்கள் ஒரு தரம் கொண்டுபோனார்கள். அழுவதற்குக் கிடைத்த துணையை இப்போது கொண்டுபோனார்கள். இதற்கு எந்த ஆணைக்குழுவும் வந்து சேட்டின் நிறத்தைக் கேட்கப்போவதில்லை.

அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. கண்ணை மூடிவிட்ட உடம்புகளைப் பற்றி, ஸ்டாண்ட் போட்ட சைக்கிளைப் பற்றி, அந்த மரியாதைக்காரன் எவ்வளவு பொய்யன் என்பதைப் பற்றி. பத்து வருடத்துக்கு மேல் அவரோடு பிள்ளையைப் பற்றிப் பேசாமல் இருந்ததே, இந்த ஒன்றில் மட்டும் பொய் சொல்லமாட்டேன் என்றுதான்.

ஹெக்டர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது.

“வருவான் என்ன சீலா? நீ சொல்லு. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். வருவான் என்ன?”

அவளுடைய நகக்கண்ணில் மண் இருந்தது. சீலா அவரைப் பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “வருவான்.”